தூய வாகனமும் தூய்மையற்ற சலுகையும்

அண்மைக் காலமாக நமது நாட்டிலே 'தூய வாகனம்' என்றொரு மந்திரம் ஓதப்பட்டு வருகின்றது. அமைச்சர்கள் மேடையில் ஓதுகின்றனர். வாகன வியாபாரிகள் விளம்பரங்களில் ஓதுகின்றனர். பெற்றோல் குடியாத, புகை கக்காத, ஓசை எழுப்பாத மின்சாரக் கார்களின் படங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளின் பக்கங்களை அடைத்துக்கொண்டு வெளிவருகின்றன. இக்கார்களை வாங்குவோருக்கு அரசு வரிச்சலுகை வழங்கினால் நாட்டின் காற்றும் தூய்மையாகும், எரிபொருளுக்குச் செலவாகும் அந்நியச் செலாவணியும் மிஞ்சும் என்பதே இம்மந்திரத்தின் சாரம்.

தூய காற்றை வேண்டாதவனும் உளனோ என்று கேட்டுவிட்டால் எதிர்ப்போரின் வாய் அடைபட்டுவிடும் என இவர்கள் கருதுகின்றனர். நாம் மின்சார இயந்திரத்துக்குப் பகைவர் அல்லர். விஞ்ஞானத்தின் கொடைகளை வெறுத்து மாட்டுவண்டி யுகத்துக்குத் திரும்பச் சொல்வோரின் கூட்டத்தில் நமக்கு இடமில்லை. புகையற்ற வாகனம் வேண்டும். அது விரைவாகவும் வேண்டும். எனினும், பொதுமக்களின் பணம் செலவாகும்போது அது யாருடைய பயணத்துக்காகச் செலவாகின்றது என்று கேட்கும் உரிமை நமக்குண்டு. வரிச்சலுகை என்பது வானத்திலிருந்து பொழியும் மழையன்று. ஒருவன் செலுத்தாது விட்ட வரியை வேறொருவன் அரிசியிலும் பருப்பிலும் மண்ணெண்ணெயிலும் செலுத்தியே தீரவேண்டும்.

முதலில், இந்தப் புகையை நுகர்பவர் யார் என்பதைப் பார்ப்போம். கொழும்புப் புறக்கோட்டையின் பஸ் நிலையத்திலே காலை தொடக்கம் இரவு வரை நிற்கும் நடத்துநர், சந்தியின் நடுவில் நின்று கைகாட்டும் பொலிஸ்காரர், நடைபாதையில் துணி விரித்து விற்பவர், மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளி, பிரதான வீதியோரத்துப் பாடசாலையில் சன்னலைத் திறந்துவைத்துப் படிக்கும் பிள்ளை ஆகியோரே இதன் முதற்பலிகள். கண்ணாடியை ஏற்றி, குளிர்சாதனத்தை இயக்கி, அதே வீதியால் செல்லும் கார் முதலாளிக்கு இப்புகை ஒரு காட்சி மாத்திரமே. ஆகவே தூய வாகனக் கொள்கை எதுவாயினும் அதனை அளக்கும் கோல் ஒன்றுதான்: புகையை நுகர்பவனுக்கு அதனால் யாது பயன்?

இந்தக் கோலால் அளந்து வெற்றி கண்ட ஒரு நடவடிக்கை நமது நாட்டு வரலாற்றிலேயே இருக்கின்றது. 2002ஆம் ஆண்டிலே இலங்கை ஈயம் கலந்த பெற்றோலைக் கைவிட்டது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு என்பது மருத்துவம் நிறுவிய உண்மை. அன்று எவருக்கும் கார் வாங்கச் சலுகை வழங்கப்படவில்லை. எவருக்கும் பரிசு கொடுக்கப்படவில்லை. நஞ்சு கலந்த எரிபொருள் இனி விற்கப்படமாட்டாது என்று முடிவு செய்யப்பட்டது, அது நடந்தேறியது. அதன் பயன் கறுவாத்தோட்டத்துப் பிள்ளைக்கும் வனாத்தமுல்லைப் பிள்ளைக்கும் ஒருங்கே கிடைத்தது. பொதுநலனை நோக்கிய நடவடிக்கை எப்படியிருக்கும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு. இன்றைய சலுகைகளோ காரை வாங்க வல்லவனின் வாசலில் தொடங்கி அங்கேயே முடிவடைகின்றன.

மின்சார வாகனம் ஏதோ நேற்றுப் பிறந்த அதிசயம் என்றும், அதனைக் கார் கம்பனிகளே நமக்குக் கொண்டுவந்து தருகின்றன என்றும் ஒரு மயக்கம் பரவியிருக்கின்றது. வரலாறு வேறு விதமாகக் கூறுகின்றது. 1900ஆம் ஆண்டிலேயே கொழும்பு வீதிகளில் மின்சார ட்ராம் வண்டிகள் ஓடத் தொடங்கின. கோட்டையிலிருந்து மருதானை வழியாகப் பொரளைக்கு ஒரு பாதை. கோட்டையிலிருந்து கிராண்ட்பாஸுக்கு மற்றொரு பாதை. துறைமுகத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் எழுதுவினைஞரும் அதிலே சென்றனர். அக்காலத்தில் அது வெள்ளைக்காரக் கம்பனியொன்றின் உடைமை. 1929இல் ஏ. ஈ. குணசிங்காவின் தலைமையில் ட்ராம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது மருதானையில் பொலிசார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். உழைக்கும் மக்களின் இரத்தம் அவ்வீதியிலே சிந்தியது. 1944இல் ட்ராம் சேவை மாநகரசபையின் உடைமையாயிற்று. 1953 தொடக்கம் மேற்கம்பியிலிருந்து மின்சாரம் பெற்று இறப்பர்ச் சில்லுகளில் ஓடும் ட்ரொலி பஸ்களும் அதனுடன் சேர்ந்துகொண்டன.

ஆக, நகரத்துப் பொதுமக்களுக்குச் சொந்தமான, புகை கக்காத மின்சாரப் போக்குவரத்தொன்று சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நம்மிடம் இருந்தது. அதனை நாம் என்ன செய்தோம்? 1960இல் ட்ராம் நிறுத்தப்பட்டது. 1964இல் ட்ரொலி பஸ்ஸும் நிறுத்தப்பட்டது. பழையன, வீதியை மறிப்பன, நவீன நகரத்துக்குப் பொருந்தாதன என்றனர். வீதி காருக்கு வேண்டியிருந்தது. தண்டவாளமும் கம்பியும் அகன்றன. இன்று அதே மின்சாரத்தைக் காருக்குள் அடைத்துப் புதுமையெனக் காட்டி, அதற்குச் சலுகையும் கேட்கின்றனர்.

இதே காலத்தில் மறுபக்கத்தில் ஒரு பெருஞ்செயல் நிகழ்ந்தது. 1958 ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. இலாபம் தரும் பாதையில் மாத்திரம் போட்டியிட்டோடி, குக்கிராமத்தைக் கைவிட்ட முதலாளிகளின் கையிலிருந்து பஸ் மக்களின் கைக்கு வந்தது. பருவகாலச் சீட்டுடன் கிராமத்துப் பிள்ளை பட்டணத்துக் கல்லூரிக்குச் செல்ல முடிந்தது. இக்கட்டுரையை வாசிக்கும் ஆசிரியர்களுள் எத்தனையோ பேர் அந்தச் சிவப்புப் பஸ் இல்லாதிருந்தால் ஆசிரியராகியே இருக்கமாட்டார்கள். பின்னர் 1979இல் தனியார் பஸ்களுக்குக் கதவு மீண்டும் திறக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் 'மக்கள்மயம்' என்னும் அழகிய பெயரைச் சூட்டி டிப்போக்களைத் துண்டாடினர். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தினால் சபை மீண்டும் ஒன்றாக்கப்பட்டபோதிலும், இழந்த வலுவை அது திரும்பப் பெறவில்லை. புகையிரதத்தின் கதையும் இத்தகையதே. நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாமென 1918இலேயே எடுத்துக்காட்டிய டி. ஜே. விமலசுரேந்திராவின் நாட்டில், இன்றுவரை ஒரு மைல் இருப்புப்பாதைதானும் மின்மயமாக்கப்படவில்லை.

இப்பழைய தவறு அறியாமையால் நேர்ந்தது எனச் சிலர் சமாதானம் கூறக்கூடும். அவர்களுக்கு 2020ஆம் ஆண்டை நினைவூட்டுவோம். மாலபேயிலிருந்து கோட்டைவரை ஏறத்தாழ 16 கிலோமீற்றர் தூரத்துக்கு மின்சாரத்தில் ஓடும் இலகு புகையிரதத்தை அமைக்க ஜப்பானின் குறைந்த வட்டிக் கடன் 2019இல் உடன்படிக்கையாகியிருந்தது. செலவு அதிகம் என்ற காரணத்தைக் காட்டி 2020 செப்டெம்பரில் அன்றைய ஆட்சி அதனைக் கைவிட்டது. கடனெடுத்துச் செய்யும் திட்டங்கள் யாவும் நன்றெனக் கூற நாம் வரவில்லை. ஆனால் பல்லாயிரவரை ஏற்றிச் செல்லும் மின்சார வாகனம் முன்வரும்போது 'பணமில்லை' என்று சொல்லும் அதே வாய், ஒருவனை ஏற்றிச் செல்லும் மின்சார வாகனம் முன்வரும்போது 'சலுகை' என்று சொல்வதை மாத்திரம் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி, இச்சலுகைகளின் உண்மை உருவத்தை நோக்குவோம்.

2015ஆம் ஆண்டளவில் மின்சாரக் கார்களுக்கான இறக்குமதி வரி மிகக் குறைவாக இருந்தது. ஜப்பானில் ஓடிக் களைத்த கார்கள் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. நமது வெப்பத்தில் அவற்றின் மின்கலங்கள் வலுவிழந்தன; புதிய மின்கலம் வாங்குவதோ இன்னொரு வாகனம் வாங்குவதைப் போன்ற செலவு. அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே வரி உயர்த்தப்பட்டது. ஓராண்டு திறந்த கதவால் நுழையக்கூடியவன் யார்? கையில் ரொக்கமோ வங்கியில் செல்வாக்கோ உள்ளவனே. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேமிப்பவன் கதவருகே வருவதற்குள் அது அடைக்கப்பட்டிருக்கும்.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி வற்றியபோது வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு வங்குரோத்து அடைந்த பின்னர், வெளிநாட்டில் உழைப்போர் அனுப்பும் டொலரைக் கவர்வதற்காக ஒரு திட்டம் வகுக்கப்பட்டது: அவ்வாண்டு மே மாதத்தின் பின் அனுப்பிய பணத்தின் அரைப்பங்கு பெறுமதிக்கு மின்சார வாகனமொன்றை இறக்குமதி செய்யலாம். கேட்பதற்கு இனிது. ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள். 20,000 டொலர்க் காருக்கு 40,000 டொலர் அனுப்பியிருக்கவேண்டும். வளைகுடா நாட்டில் பிறர் வீட்டுச் சமையலறையிலே மாதம் 300 டொலருக்கு உழைக்கும் நமது சகோதரி, உண்ணாமல் உடுக்காமல் முழுச் சம்பளத்தையும் அனுப்பினாலும், அத்தொகையை எட்டப் பதினொரு ஆண்டுகள் வேண்டும். அவள் அனுப்பும் டொலர்களே நாட்டைத் தாங்கிய தூண்கள். ஆனால் அத்தூண்களின்மேல் எழுந்த மாளிகையில் அவளுக்கு இடமில்லை. அவளது பெயரால் வகுத்த சலுகை அவளைத் தவிர்த்து வேறு வகையினரின் வாசலுக்கே செல்லக்கூடியது.

2025 பெப்ரவரியில் தனியார் கார் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இம்முறை ஆட்சியில் இருப்போர் இடதுசாரி மரபில் வந்தோர். ஆதலின் நமது எதிர்பார்ப்பும் பெரிதாயிருந்தது. சர்வதேச நாணய நிதியத்தின் கண்காணிப்பில் வரி வருமானத்தைப் பெருக்கவேண்டிய நெருக்கடி அவர்களுக்கிருந்ததை நாம் மறுக்கவில்லை. வாகன வரிகள் பொதுவாகக் கடுமையாகவே விதிக்கப்பட்டன. ஆயினும் அக்கடுமைக்குள்ளும் ஒரு மென்மை ஒளிந்திருந்தது. அவ்வாண்டு அறிவித்த சொகுசு வரி ஒழுங்கின்படி, பெற்றோல் கார் ஒன்றின் இறக்குமதிப் பெறுமதி 50 இலட்சம் ரூபாவைத் தாண்டினால் மிகுதிக்கு நூற்றுக்கு நூறு வரி. மின்சாரக் காருக்கோ எல்லை 60 இலட்சம், வீதமும் நூற்றுக்கு அறுபது. 80 இலட்சம் ரூபாப் பெறுமதியுள்ள இரு கார்களை எடுத்துக்கொள்வோம். பெற்றோல் கார் 30 இலட்சம் ரூபா சொகுசு வரி செலுத்தும். மின்சாரக் கார் 12 இலட்சம் செலுத்தும். வித்தியாசம் 18 இலட்சம்.

இந்த 18 இலட்சத்தின் பொருள் யாது? 2024இல் நிர்ணயித்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபா. மாதத்தில் இருபத்தைந்து நாள் அட்டை கடிக்கக் கொழுந்து பறித்தாலும், 18 இலட்சத்தைச் சம்பாதிக்க அவளுக்கு நாலரை ஆண்டுகள் வேண்டும். சொகுசுக் காரென்று அரசே வகைப்படுத்திய ஒன்றினை வாங்குபவனுக்கு, அது மின்சாரத்தில் ஓடுகின்றது என்ற ஒரே காரணத்துக்காக, தோட்டப் பெண்ணொருத்தியின் நாலரை ஆண்டு உழைப்பின் பெறுமதி விட்டுக்கொடுக்கப்படுகின்றது. சொகுசு எதில் ஓடினாலும் சொகுசுதானே?

இன்னுமொரு கணக்கு. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலே கொழும்பில் ஓடுவதற்கு 100 நவீன பஸ்களுக்கென 300 கோடி ரூபா ஒதுக்கப்பட்டது. நல்ல தொடக்கம், வரவேற்கிறோம். பஸ் ஒன்றுக்கு 3 கோடி. மேற்குறித்தது போன்ற 17 கார்களுக்கு விட்டுக்கொடுத்த வரி ஒரு பஸ்ஸின் விலையாகும். அப்பதினேழு கார்கள் காலையில் ஏறத்தாழ இருபது பேரை அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லும். வீதியில் நூறு யார் தூரத்தை மறித்துக்கொள்ளும். மாலைவரை நிழலில் உறங்கும். அந்த ஒரு பஸ்ஸோ நாள் முழுவதும் ஓடி நூற்றுக்கணக்கானோரை ஏற்றியிறக்கும். தூய காற்றுக்கு உண்மையான சலுகை எதுவென்று எட்டாம் வகுப்பு மாணவனும் கணித்துச் சொல்வான்.

இது நமது நாட்டுக்கு மாத்திரம் உரிய நோயன்று. ஐக்கிய அமெரிக்காவில் மின்சாரக் கார் வாங்குவோருக்கு 7,500 டொலர் வரையில் வருமான வரிக் கழிவு நெடுங்காலம் வழங்கப்பட்டது. கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பொருளியலாளர்களான செவெரின் போரென்ஸ்டைன், லூகஸ் டேவிஸ் ஆகியோர் வரிப் பதிவேடுகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவு கவனத்துக்குரியது. மின்சாரக் கார்களுக்கான கழிவில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, வருமானத்தில் உச்சியிலிருந்த ஐந்திலொரு பகுதியினருக்கே சென்றது. ஊரார் வரியில் கார் வாங்கியோர் ஊரிலேயே பணக்காரர். 2022ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருமான எல்லை விதித்தனர். அவ்வெல்லையும் தனியொருவருக்கு ஆண்டுக்கு 1,50,000 டொலர். பின்னர் வந்த ஆட்சி 2025 செப்டெம்பர் 30உடன் கழிவையே நிறுத்திவிட்டது. பணக்காரனுக்குக் கொடுத்த சலுகைக்குப் பொதுமக்களிடையே காவலர் இருக்கமாட்டார் என்பதும் இதிலிருந்து பெறப்படும் பாடம்.

நோர்வேயைப் பாருங்கள் என்பர். பார்த்தோம். 2024இல் அங்கு விற்பனையான புதிய கார்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது மின்சாரக் கார்கள். வடகடலின் எண்ணெயையும் வாயுவையும் பிறருக்கு விற்றுச் செல்வம் சேர்த்த நாடு, தன் வீதியில் மாத்திரம் புகையைத் தவிர்க்க அச்செல்வத்திலிருந்து செலவிட்டது. அந்நாட்டில் மின்சாரக் கார்கள் பஸ் பாதையிலும் செல்லலாம் என அனுமதித்தார்கள். விளைவு யாது? கார்கள் பெருகிப் பஸ்ஸையே மறித்தன. ஒஸ்லோவின் சுற்றுப்புறத்தில் அவ்வனுமதியைக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. தூய கார் தூய பஸ்ஸின் வழியை மறிக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மறுபுறத்தில் சீனத்தின் ஷென்ஷென் நகரம் அரசின் மானியத்தைப் பஸ்ஸுக்குத் திருப்பியது. 2017இன் இறுதியில் அந்நகரத்தின் 16,000க்கு மேற்பட்ட பஸ்கள் யாவும் மின்சாரத்தில் ஓடின. மானியம் கூடாது என்பதல்ல நமது வாதம். அது எத்திசையில் பாய்கின்றது என்பதே வழக்கு.

எதிர்வாதம் செய்வோர் இரண்டு காரணங்களை முன்வைப்பர். பணக்காரன் முதலில் வாங்கினால் உற்பத்தி பெருகி விலை குறைந்து, பின்னர் ஏழைக்கும் கிட்டும் என்பது முதலாவது. உலகச் சந்தையில் மின்கலத்தின் விலை குறைந்து வருவது உண்மைதான். அக்குறைவு சீனத்தின் தொழிற்சாலைகளில் நிகழ்ந்தது. கொழும்பு ஏழில் நூறு கார் ஓடியதால் நிகழவில்லை. நமது சிறு சந்தை உலக விலையை அசைக்காது. அன்றியும் மேலிருந்து வழிவதைக் கீழிருப்போர் ஏந்திக் குடிக்கலாம் என்ற இந்தப் போதனையை 1977ஆம் ஆண்டு தொடக்கம் நாம் கேட்டுவருகின்றோம். இன்னும் தாகம் தீரவில்லை.

எரிபொருள் இறக்குமதி குறையும் என்பது இரண்டாவது. குறையும், ஆனால் எவ்வளவு? மின்சாரம் மலையருவியிலிருந்தும் சூரியனிலிருந்தும் மாத்திரம் வருவதில்லை. நுரைச்சோலையின் 900 மெகாவாற் நிலக்கரி நிலையத்திலிருந்தும் வருகின்றது. அந்நிலக்கரியும் கப்பலில்தான் வருகின்றது. இரவிலே வீட்டுக் கொட்டகையில் மின்னூட்டப்படும் கார், கொழும்பின் புகையைக் கற்பிட்டிக் குடாநாட்டு மீனவனின் கூரைக்குச் சாம்பலாக இடம் மாற்றுகின்றது. இதன் மறுபக்கம் இன்னும் வியப்பானது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பகலில் சூரிய மின்சாரம் தேவைக்கு மிஞ்சியதால், கூரைமேல் சூரியத் தகடு வைத்திருந்தோரை அவற்றை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. பகலில் வெயில் வீணாகின்றது. இரவில் கரி எரிகின்றது. டிப்போவில் பகலிடையே நிற்கும் மின்சாரப் பஸ்களும், தரிப்பிடத்தில் காத்திருக்கும் மின்சார முச்சக்கர வண்டிகளும் இருந்திருந்தால் அந்த வெயிலைக் குடித்திருக்கும்.

அரசின் கண்ணில் யாருடைய பயணம் பெரிது என்பதை 2022ஆம் ஆண்டு அப்பட்டமாகக் காட்டியது. எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்கில் நின்று உயிர் துறந்தோரும் உளர். அவ்வாண்டு ஜூலையில் வாராந்தப் பங்கீடு அறிவிக்கப்பட்டது: காருக்கு 20 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். முச்சக்கர வண்டி ஓட்டுபவனுக்கு அவ்வண்டியே வயல், அதுவே கலப்பை. உல்லாசமாகவும் ஓடக்கூடிய காருக்கு அதில் நான்கு மடங்கு! பின்னர் அப்பங்கு உயர்த்தப்பட்டது உண்மை. ஆயினும் நெருக்கடியில் முதலில் எழுதிய எண்தான் மனத்திலுள்ள எண். இந்நாட்டில் பதினொரு இலட்சத்துக்கு மேற்பட்ட முச்சக்கர வண்டிகள் பதிவாகியுள்ளன. அவற்றின் பெற்றோல் இயந்திரத்தைக் கழற்றி மின்சார இயந்திரம் பூட்டும் பரீட்சார்த்தம் இங்கேயே செய்து காட்டப்பட்டுள்ளது. பெருந்தொகையான சாரதிகள் குத்தகைக் கம்பனிகளின் கடனில் மூழ்கியிருப்போர்; அவர்களால் தாமாக மாற இயலாது. ஒரு காருக்கு விட்டுக்கொடுக்கும் வரியில் இத்தகைய வண்டிகள் எத்தனையை மாற்றலாம் என்று எவராவது கணக்கெடுத்தனரா?

அந்த 2022இலே நாடெங்கும் மக்கள் தேடியது சைக்கிளை. வடபுலத்தாருக்கு அது புதிய பாடமன்று. 1990களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில், சில துளி பெற்றோலால் உயிரூட்டிப் பழைய மொறிஸ் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அதன் கரும்புகையை நாம் மறக்கவில்லை. ஆனால் குடாநாட்டைச் சுமந்தது சைக்கிள்தான். நோயாளியையும் விறகையும் நெல்மூட்டையையும் அது சுமந்தது. மின்சாரமற்ற இரவுகளில் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். வறுமையையும் முற்றுகையையும் அழகுபடுத்திப் பேச நாம் விரும்பவில்லை. அத்தகைய நாட்கள் எவருக்கும் வரவேண்டாம். ஆயினும் உலகிலேயே மிகத் தூய வாகனம் எதுவென்று கேட்டால், அந்த மக்கள் அறிந்த விடை ஒன்றுண்டு. சலுகைப் பட்டியல் எழுதுவோர் அறியாத விடை அது. 2022இல் சைக்கிளின் விலை உழைப்பாளியின் மாதச் சம்பளத்தை விழுங்குமளவுக்கு ஏறியபோது, தூய வாகனப் பக்தர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இத்தனையும் கூறிய பின் நம்மை நாமே கேட்கவேண்டிய கேள்வியும் உண்டு. பிறரை நோக்கி நீட்டிய விரல் நம் பக்கமும் திரும்பட்டும். நாடாளுமன்ற உறுப்பினருக்கும் உயர் அதிகாரிகளுக்கும் தீர்வை குறைத்து வழங்கிய வாகனப் பேர்மிட் முறையை நாம் பலகாலம் கண்டித்து வந்தோம். ஆனால் அப்பேர்மிட் மருத்துவருக்கும் பல்கலைக்கழக விரிவுரையாளருக்கும் நீட்டப்பட்டபோது, நம்முடைய கண்டனம் ஏன் மெலிந்தது? மேடையிலே தேசியமயத்தைப் போற்றிவிட்டு, வீட்டிலே பேர்மிட்டை விற்று இலாபம் எண்ணிய முற்போக்காளர் நம்மிடையே இல்லையா? பேர்மிட் கிடைக்கும்வரை பஸ்ஸைப் பற்றிப் பேசினோம். கிடைத்தபின் வீதி நெரிசலைப் பற்றிப் பேசினோம். படித்த வர்க்கம் பஸ்ஸை விட்டிறங்கிய நாளிலிருந்துதான் பஸ்ஸுக்காகக் குரல் கொடுப்போரும் குறைந்தனர். போக்குவரத்துச் சபையில் ஊழலும் கட்சிக்காரர் நியமனமும் மலிந்தபோதும், தொழிற்சங்கங்கள் பயணியைத் தம் தோழனாகக் கருதாது விட்டபோதும், 'அரசுடைமை' என்ற சொல்லுக்காக நாம் மௌனம் காத்தோம். அம்மௌனமே தனியார்மயவாதிகளுக்கு நாம் கொடுத்த ஆயுதம்.

2025 மே 11ஆந் திகதி அதிகாலையில் கொத்மலையிலே பஸ்ஸொன்று பள்ளத்தில் உருண்டு இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அளவுக்கு மிஞ்சிய பயணிகள் அதில் நெருங்கிச் சென்றனர் என்பதை நாடே அறியும். ஏன் அவ்வாறு ஏறினர்? அடுத்த பஸ் எப்போது வருமென்ற நம்பிக்கை இல்லாதவன் வந்த பஸ்ஸில் தொங்குகின்றான். தூய போக்குவரத்து என்பது புகையை மாத்திரம் பற்றிய பேச்சாக இருக்க முடியாது. உயிரோடு வீடு சேர்வதும் அதில் அடங்கும்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. சொகுசு வரியில் மின்சாரக் காருக்கென வைத்த தனி எல்லையும் தனி வீதமும் நீக்கப்படவேண்டும். அவ்வாறு பெறும் பணம் பொதுவாகத் திறைசேரியில் கரைந்துவிடாது, மின்சாரப் பஸ் வாங்குவதற்கும் டிப்போக்களில் சூரிய மின்னூட்ட நிலையம் அமைப்பதற்கும் ஒதுக்கப்படவேண்டும். அப்பஸ்களுள் ஒரு பங்கு கொழும்புக்கு வெளியே, மலையகத்துக்கும் வடக்குக் கிழக்குக்கும் முதலிலேயே செல்லவேண்டும். முச்சக்கர வண்டியை மின்சாரத்துக்கு மாற்றும் சாரதிக்கு மக்கள் வங்கி, இலங்கை வங்கி ஆகிய அரச வங்கிகள் மூலம் குறைந்த வட்டிக் கடன் கிடைக்கவேண்டும். சைக்கிளுக்கும் அதன் உதிரிப்பாகங்களுக்கும் வரி இருக்கலாகாது. பாடசாலைக்குச் செல்லும் வீதிகளில் அதற்கு வழி இருக்கவேண்டும். கொழும்பைச் சுற்றிய புகையிரதப் பாதையை மின்மயமாக்கும் வேலை அறிக்கைகளின் அலுமாரியிலிருந்து வெளியே வரவேண்டும். இவற்றிலே நடைமுறைக்கு ஒவ்வாதது ஒன்றேனும் உண்டா?

'இதற்கெல்லாம் பணம் எங்கே' என்பர். பணம் இருக்கின்றது, அது இன்று காருக்குள் அமர்ந்து செல்கின்றது.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! நாளைக் காலையும் நீங்கள் வீதியோரத்தில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பீர்கள். ஓசையின்றி, புகையின்றி, ஒருவரை மாத்திரம் ஏற்றிய புத்தம்புதிய காரொன்று உங்களைக் கடந்து செல்லும். அது தூய வாகனம்தான், அதனை மறுக்கவேண்டாம். அதன் விலையிலே உங்கள் பங்கும் உண்டு என்பதை மாத்திரம் அருகில் நிற்பவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பஸ் வரும்வரை நேரமும் நிறைய இருக்கும்.